வடிகஞ்சியின் உரிமைதாரர்கள்: சின்ன காஞ்சிபுரத்துப் பஞ்சகால அடுப்படி குறித்து ஓர் ஆய்வு

“காஞ்சிபுரம் போனால் காலாட்டிச் சாப்பிடலாம்” என்பது பழமொழி. குழித்தறியில் உட்கார்ந்து மிதியை மாற்றி மாற்றி மிதிக்கிறவருக்குச் சோற்றுக்குக் குறைவில்லை என்று இதற்குப் பொருள் சொல்வார்கள். சொல்கிறவர்கள் காலைப் பற்றி விரிவாகவும் சாப்பாட்டைப் பற்றி மிகச் சுருக்கமாகவும் பேசி நிறுத்திக்கொள்கிறார்கள். காலாட்டி என்ன சாப்பிடலாம்? மாதக் கடைசியில் என்ன சாப்பிடலாம்? ஐப்பசி அடைமழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறி, காலை வைக்கவே வழியில்லாதபோது என்ன சாப்பிடலாம்? பழமொழி வாயைத் திறப்பதில்லை. அறிவுலகின் இந்த நெடுநாள் மௌனத்தைக் கலைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுப் பொருள், வடிகஞ்சி. சோறு வெந்ததும் பானையின் வாயில் வடிதட்டை வைத்துச் சாய்க்கும்போது இறங்கும் வெண்ணிறத் திரவம் அது. அரிசியின் மாவுச்சத்தில் ஒரு பங்கும், நீரில் கரையக்கூடிய பி வகை உயிர்ச்சத்துகளில் கணிசமான பங்கும் அதில் போய்விடுகின்றன என்று சத்துணவு நூலார் வருந்துவர். “போய்விடுகிறது” என்று அவர்கள் சொல்வது சின்ன காஞ்சிபுரத்து அடுப்படியில் செல்லாது. இங்கே எதுவும் எங்கேயும் போவதில்லை. அடுத்த ஆளுக்குத்தான் போகிறது. அந்த அடுத்த ஆள் யார், அவருக்கு அடுத்தவர் யார், வரிசையை முடிவு செய்கிற அதிகாரம் யாருடையது என்பவையே நம் முன்னுள்ள வினாக்கள்.

முதன்மைத் தகவலாளி, வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பின்புறமுள்ள தெருவொன்றில் வாழும் ஆயா ஒருவர். தறிக்கார வீட்டில் பிறந்து தறிக்கார வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். ஆய்வின் கோட்பாட்டுச் சட்டகத்தை அவரிடம் விளக்கியபோது, “இதுக்கெல்லாமா தம்பி துட்டு குடுக்கறாங்க?” என்று கேட்டார். கொடுப்பதில்லை என்றதும் அவருக்கு நம் மேல் இரக்கம் பிறந்து, தகவல்கள் தாராளமாக வந்தன.

அவர் சொன்ன வரிசைப்படி முதல் உரிமை பாவுக்கு. பட்டுப் பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டு வெயிலில் காயவைத்தால்தான் இழை விறைத்து, தறியில் அறுந்து உயிரை வாங்காமல் இருக்கும். அதற்கான கஞ்சியைத் தனியாகக் காய்ச்சுவார்கள் என்றாலும், அரிசி ஒன்றுதான். வீட்டிலிருக்கும் அரிசியிலிருந்துதான் பிடியளவு போகவேண்டும். ஆகவே பஞ்சகாலத்தில் ஒரு தறிக்கார வீடு காலையில் எதிர்கொள்ளும் கேள்வி உலகின் எந்த நிதியமைச்சரும் எதிர்கொள்ளாதது: இந்தப் பிடி அரிசியை வயிற்றுக்குப் போட்டால் இன்று பசி தீரும், பாவுக்குப் போட்டால் புடவை முடிந்து கூலி வரும்போது பசி தீரும். பொருளியலார் இதனை நுகர்வுக்கும் முதலீட்டுக்கும் இடையிலான முரண் என்பர். ஆயா இதனை “புள்ளைங்க தூங்கட்டும்னு காத்திருந்து காய்ச்சுவோம்” என்று குறிப்பிட்டார்.

இரண்டாவது உரிமை கைக்குழந்தைக்கும், பிள்ளை பெற்றவளுக்கும், காய்ச்சல்காரருக்கும். மூன்றாவது, உப்பும் நாலு சின்ன வெங்காயமும் சேர்த்து மதியத்துக்கு, தறிக்குழியில் இருப்பவருக்கு. நான்காவது வேட்டிக்கும் பள்ளிக்கூடச் சட்டைக்கும். ஐந்தாவது சனி, வெள்ளிகளில் சீயக்காய் கரைக்க. ஆறாவது பசை: நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை, சாமி படம், காற்றாடி. எஞ்சியது கழுநீரோடு சேர்ந்து மாட்டுக்கு. வரிசையில் கடைசி என்று மாட்டைக் குறைத்து எண்ணிவிடக்கூடாது. மாடு பால்காரருடையது. கஞ்சியும் கழுநீரும் ஒழுங்காகப் போகும் வீட்டுக்கு அவர் ஊற்றும் பாலின் அடர்த்தி வேறு. வேட்டி விறைப்பாக இருக்கவேண்டும் என்று அடம்பிடித்த கணவன்மார் காலையில் நீர்த்த காப்பி குடித்தார்கள்.

பட்டியலில் எங்குமே இடம்பெறாத ஒருவர் உண்டு, வடித்தவர். “நீங்க எப்ப குடிப்பீங்க ஆயா?” என்று கேட்டதற்கு, “பானை அடியில தெளியாம ஒட்டியிருக்கும்ல” என்றார். அதை எட்டாவது உரிமை என்று பதிவு செய்ய முயன்றபோது, அதெல்லாம் கணக்கில் வராது என்று தடுத்துவிட்டார்.

இனி வரலாற்றுச் சோதனை. 1942-இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது. சென்னை மாகாணத்துக்கு அது பெரிய அடி. 1943-இல் சென்னை நகரில் ரேஷன் வந்தது. 1952-இல் முதலமைச்சரான ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். அதற்கடுத்த ஆண்டுகளில் கைத்தறித் துணி தேங்கிக் கிடக்க, அரசியல் தலைவர்களே துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் விற்றார்கள். அரிசி கடையில் இருந்தபோது கையில் காசில்லை. கையில் காசிருந்தபோது கடையில் அரிசியில்லை. இரண்டும் ஒன்றாக இருந்த ஆண்டு எது என்று கேட்டதற்கு ஆயா வெகுநேரம் யோசித்து, தன் மாமியாரைக் கேட்டிருக்கவேண்டும் என்றார்.

1965-ஐ அவரே நேரில் கண்டிருக்கிறார். வாரத்தில் ஒரு வேளை, திங்கட்கிழமை இரவு, உணவைத் தவிர்க்கும்படி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி நாட்டைக் கேட்டுக்கொண்டார். சின்ன காஞ்சிபுரத்தில் இதைச் செயல்படுத்துவதில் நுட்பமான சிக்கல் இருந்தது. ஏகாதசி, சஷ்டி, கிருத்திகை, அமாவாசை என்று ஏற்கெனவே நாள்காட்டி நிறைய விரதம். ஆனால் விரத நாளின் பலகாரத்துக்கு ஆகும் எண்ணெய்ச் செலவு சோற்றுச் செலவை விட அதிகம். பலகாரமில்லாத விரதம் என்ற கருத்தாக்கத்தை முதன்முதலில் அறிமுகப்படுத்தியவர் சாஸ்திரி என்றே கொள்ளவேண்டும்.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் பி.எல். 480 திட்டத்தில் கப்பலேறி வந்த கோதுமை ரேஷன் கடையில் நின்றது. அதைச் சோறாக வடித்துப் பார்த்தவர்கள், ரவையாக உடைத்து உப்புமா கிண்டியவர்கள், கேவுரு மாவோடு கலந்து கூழாகக் காய்ச்சியவர்கள் என மூன்று பள்ளிகள் தோன்றின. மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்றே: வடிகஞ்சி இல்லை. ஒரு தானியம் வயிற்றை நிரப்பி வேட்டியையும் மாட்டையும் கைவிட்டால் அதை முழுத் தானியமாக ஏற்க இவ்வூர் மறுத்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற முழக்கம் எடுபட்டதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். முழக்கத்துக்குச் சொந்தக்காரரான அண்ணா காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும், ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு என்பதையும், அதை வடித்தால் எவ்வளவு கஞ்சி வரும் என்பதை அவர் வீட்டு அடுப்படியும் அறிந்திருக்கும் என்பதையும் அரசியல் ஆய்வாளர் எவரும் இணைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பஞ்சங்களின் காரணம் குறித்த மாற்றுக் கருதுகோள் ஒன்றையும் நேர்மையாகப் பரிசீலிக்கவேண்டும். வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்து நீருக்கடியில் இருக்கும் அத்திவரதர் நாற்பது ஆண்டுகளுக்கொரு முறை எழுந்தருள்கிறார். 1939: அந்தச் செப்டம்பரில் உலகப்போர். 1979: நாடு தழுவிய வறட்சி, ஈரான் புரட்சியால் எண்ணெய் விலையேற்றம், கிருஷ்ணாயில் வரிசை. 2019: 48 நாள் தரிசனம் முடிந்த சில மாதங்களில் வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது, 2020 மார்ச்சில் ஊரடங்கு. இடையில் வந்த 1943, 1952, 1965 ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இக்கருதுகோள் ஐயந்திரிபறப் பொருந்துகிறது. ஆயாவிடம் வைத்தபோது அவர் கோபித்துக்கொண்டார். “நாப்பது வருஷம் தண்ணிக்குள்ள கெடந்துட்டு வெளிய வந்தா யாருக்குத்தான் பசிக்காது? சாமிய குத்தம் சொல்லாத.” காரணத்தை மறுக்கிறாரா, விளக்குகிறாரா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

சாமியின் பசி பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இட்லி. கோயில் இட்லி மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து மணிக்கணக்கில் வேகும். அரிசியும் உளுந்தும் ஏறத்தாழச் சரிபாதி. மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய். கோபுரத்துக்கு வெளியே அதே ஊரில் நாலுக்கு ஒன்று உளுந்து போட்டால் அது நல்ல மாதம். ஐந்துக்கு ஒன்று, கூலி தாமதம். ஆறுக்கு ஒன்றோடு வெந்தயமும் நேற்றைய சோறும் சேர்ந்து அரைபட்டால், முதலாளி புதுப் பாவு தரவில்லை. பக்கத்து வீட்டு நிதிநிலையை அறியக் கணக்குப் புத்தகம் தேவையில்லை; அவர்கள் வீட்டு இட்லியைச் சுவரில் எறிந்து பார்த்தால் போதும் என்பது தெருவில் வழங்கும் அளவுகோல். திரும்பி வந்தால் நெருக்கடி.

எரிபொருள் பகுதியை விரைவில் கடந்துவிடலாம். மரத்தூள் அடுப்பு: தகர டப்பாவின் நடுவே புட்டியை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் கெட்டித்து, புட்டியை உருவினால் புகைபோக்கி. காலையில் பற்றவைத்தால் மதியம் வரை கனன்றுகொண்டிருக்கும். புட்டியை உருவும்போது இடிந்துவிடாமல் உருவுகிற கை எல்லோருக்கும் வாய்க்காது. பெண் பார்க்கப் போகிறவர்கள் பாட்டுப் பாடச் சொன்னதற்குப் பதில் இதைச் சோதித்திருக்கலாம்.

வடிகஞ்சியின் வீழ்ச்சிக்குக் காரணம் பஞ்சமல்ல, வசதி. குக்கர் வந்ததும் தண்ணீர் அளந்து ஊற்றப்பட்டது. சோறு அத்தனையையும் தானே குடித்துவிட்டது. ஏழு உரிமைதாரர்களும் ஒரே விசிலில் வெளியேற்றப்பட்டார்கள். வேட்டிக்குப் பாக்கெட்டில் கஞ்சி வந்தது, தலைக்கு ஷாம்பு வந்தது, பாலும் பாக்கெட்டாகிவிட்டதால் மாட்டின் தயவு தேவைப்படவில்லை. 2020 ஊரடங்கில் மட்டும் சிறிது காலம் பழைய முறை திரும்பியது. பட்டும் ஜரிகையும் வரவில்லை, கல்யாணங்கள் தள்ளிப்போயின, தறி நின்றது. அரசு தந்த ஆயிரம் ரூபாயும் இலவச அரிசியும் பருப்பும் எண்ணெயும் வந்தன. ஆயா பரண் மேலிருந்து பானையை இறக்கச் சொன்னார். பாவு இல்லாததால் வரிசையின் முதலிடம் காலியாகவே இருந்ததாம். அதை வேறு யாருக்கும் தரவில்லை.

கள ஆய்வு முடிந்துவிட்டதென்று எழுந்த வேளையில் அவருடைய பேத்தி ஒரு குப்பியோடு வந்தார். கொரியாவிலிருந்து வந்த சீரம், முகத்துக்கு. மூலப்பொருள் ரைஸ் வாட்டர் என்று மேலே அச்சிட்டிருந்தது. ஆயா குப்பியைத் திறந்து முகர்ந்தார், விரலில் ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்துப் பார்த்தார், விலையைக் கேட்டார். கேட்டுவிட்டு நம் பக்கம் திரும்பி, நோட்டுப் புத்தகத்தில் மூஞ்சியையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். எத்தனையாவது இடம் என்று கேட்டோம்.

“மாட்டுக்கு அப்பறம்.”