ஃபேன் போடக்கூடாத வீடு

விமான மாடல் கட்டுகிறவர் வீட்டில் "வாங்க" என்பது இரண்டாவதாகத்தான் வரும். முதலில் வருவது, "சார், ஃபேன் சுவிட்சுல கை வெச்சிடாதீங்க!"

மே மாதம், பகல் பன்னிரண்டு மணி, முடிச்சூர். தாம்பரம் மேற்கில் பஸ் பிடித்து நின்றுகொண்டே வந்த வேர்வை முதுகில் ஓடிக்கொண்டிருக்கும். தலைக்கு மேலே ஃபேன் தூசி படிந்து அசையாமல் தொங்கும். அதற்கு நேர் கீழே, லுங்கி பனியனோடு, நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். ட்வீசர் நுனியில் என்னவோ இருப்பதாகச் சொல்வார். நமக்குத் தெரியாது. நம்பிக்கையின் பேரில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

"ரேடியோ ஆபரேட்டர் டேபிளுக்கு ஒரு கைப்பிடி. இப்பத்தான் ஒட்டினேன். காயட்டும்."

இவர் கட்டுவது நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவுள்ள குண்டுவீச்சு விமானம். அசலில் ஓர் அங்குலம் இருப்பது இங்கே அரை மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் சமாச்சாரத்துக்கு ஃபேன் புயல், தும்மலும் புயல்தான். பேப்பரைப் புரட்டினால் குற்றம். "அப்பாடா" என்று மூச்சு விட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தால் அதுவும் குற்றம். சரி, ஏ.சி. வாங்கிவிடுங்களேன் என்று ஒருமுறை சொன்னேன். "அது நேரா டேபிள் மேல ஊதும் சார்" என்றார். மூன்று மணிக்கு மேல் கடல்காற்று வரும் என்று நாம் மனக்கணக்குப் போடும்போது, அவர் எழுந்து ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருப்பார். 2012-இல் தமிழ்நாடே மின்வெட்டைத் திட்டித் தீர்த்தபோது, எங்கள் தெருவில் ஒருவர் மட்டும் அமைதியாக வேலை பார்த்தார். பகலில் கரண்ட் போனால் வெளிச்சம் இருக்கும், ஃபேன் இருக்காது. அவருக்கு வேறென்ன வேண்டும்?

இத்தனை காபந்து பண்ணியும் ஒன்று விழத்தான் செய்யும். விழுந்தால் வீடே நாலு காலில். டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தால் நிழல் விழுமாம், நிழலை வைத்துப் பொருளைப் பிடிக்கலாமாம். வீடு கட்டிய புண்ணியவான் போட்டதோ மொசைக் தரை. அதிலுள்ள ஒவ்வொரு கல்லும் விமான உதிரிபாகமாகவே தெரியும். காபி குடிக்கப் போன நான், வேட்டியை மடித்துக்கொண்டு டி.வி. ஸ்டாண்டுக்கு அடியில் கன்னத்தை வைத்துத் தேடியிருக்கிறேன். வேலைக்கு வரும் அம்மா பெருக்கிய குப்பையை அப்படியே கொட்டிவிட முடியாது. மாவு சலிக்கும் சல்லடையில் சலித்த பிறகுதான் வெளியே போகும். அதே சல்லடையில் மறுநாள் முறுக்கு மாவு. நான் இப்போதெல்லாம் அந்த வீட்டில் முறுக்கு சாப்பிடுவதில்லை.

இந்த இனத்துக்கு வேறு குணங்களும் உண்டு. பரண் நிறையப் பிரிக்காத பெட்டிகள், ஒரு பச்சை நிறத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம். அதெல்லாம் யாருக்குத்தான் இல்லை, விட்டுவிடலாம்.

ஏன் இந்த விமானம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பி-24 லிபரேட்டர். "நம்ம ஊர் விமானம் சார்" என்று ஆரம்பிப்பார். 1944-இல் பிரிட்டிஷ் விமானப்படையின் 200-ஆம் ஸ்குவாட்ரன் பரங்கிமலையில் இருந்தது, லிபரேட்டர்களை ஓட்டிக்கொண்டு வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கி தேடியது என்பார். யுத்தம் முடிந்ததும் கான்பூரில் ஏராளமான லிபரேட்டர்களை, இனி யாருக்கும் உதவாதபடி சேதப்படுத்திப் போட்டுவிட்டுப் போனார்கள். நம்முடைய ஹெச்.ஏ.எல். ஆட்கள் அந்தக் குவியலில் தேறியதைப் பொறுக்கி எடுத்தார்கள். பறக்கிற அளவுக்கு மட்டும் ஒட்டுப்போட்டுக் கொடுக்க, ஜிம்மி முன்ஷி என்ற சோதனை விமானி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே முழுசாகச் செப்பனிட்டார்கள். 1948 நவம்பரில் அந்த விமானங்களை வைத்துத்தான் இந்திய விமானப்படையின் 5-ஆம் ஸ்குவாட்ரன் தொடங்கியது. 1968 வரை பறந்தன.

இவ்வளவும் உண்மை. இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கும் பிடிக்கும். நாலைந்து லிபரேட்டர்களைச் சொந்த அக்கா பிள்ளைகளாகவே பாவிப்பார். "நம்ம பசங்கள்ல ஒண்ணு 1969-ல அரிசோனாவுக்குப் போச்சு. இன்னொண்ணு 1974-ல இங்கிலாந்து. ரெண்டும் மியூசியத்துல செட்டில் ஆயிடுச்சு. டெல்லி பாலம் மியூசியத்துல இருக்கிறதுதான் நம்மகூடவே தங்கிடுச்சு." சித்தி மகள் கல்யாணத்துக்கு டெல்லி போனவர், முகூர்த்த நேரத்தில் அந்தக் கடைசிப் பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டார். கல்யாண ஆல்பத்தில் அவர் கிடையாது. அவர் போனில் அதன் சக்கரம் மட்டும் அறுபது படம் இருக்கிறது.

ஆனால் ஒரு கணக்கு உதைக்கிறது. ஹெச்.ஏ.எல். உடைசலிலிருந்து நிஜ விமானங்களைப் பறக்கவிட்டு ஒரு ஸ்குவாட்ரனுக்கே வழி பண்ணிவிட்டது. இவர் தொடங்கியபோது எல்.கே.ஜி. சேர்ந்த பேரன் இந்த வருஷம் பிளஸ் டூ.

தாமதத்துக்குக் காரணம் உள்வேலை. பெட்டியில் வந்த இருக்கைகள் சரியில்லை என்று முதல் நாளே தூக்கி எறிந்தாயிற்று. பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி வெட்டிப் புதிது செய்தார். டெலிபோன் ஒயரை உரித்துச் செப்பு இழைகளைப் பிரித்து, சுவர் முழுக்க ஒயரிங் ஓட்டினார். ஆக்ஸிஜன் சிலிண்டர்களுக்கு மஞ்சள் பூச்சு. குண்டு அறையின் நடுவே ஆள் நடக்க ஒரு சட்டம் உண்டு. அசலிலேயே ஏறக்குறைய ஒன்பது அங்குலம்தான் அகலம், இங்கே ஐந்து மில்லிமீட்டருக்கும் கம்மி. அதில் கால் பட்டுத் தேய்ந்த இடத்தை வெள்ளிப் பென்சிலால் வரைந்திருக்கிறார். அந்த அறையின் கதவுகள் கடை ஷட்டர் மாதிரி பக்கவாட்டில் சுருண்டு மேலேறும். அதற்கும் தனியாக வரி வரியாகச் சட்டம்.

இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டிவிட்டால் இதில் தொண்ணூறு சதவீதம் யார் கண்ணுக்கும் தெரியாது. அது அவருக்கும் தெரியும். அதனால்தான் ஒட்டுவதில்லை. யார் வந்தாலும், "மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க சார்" என்பார். நான் பார்த்தேன். என் மச்சினன் பார்த்தான். கேபிள்காரர் பார்த்தார். கேஸ் சிலிண்டர் போட வந்த பையன் பார்த்துவிட்டு, "சூப்பர் சார், ஃபேன் போடுங்க" என்றான்.

தாம்பரம் விமானப்படைத் தளத்தில் 1954 முதல் பறக்கக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே கற்றுக்கொடுக்கிறார்கள். அங்கிருந்து கிளம்பும் பயிற்சி விமானம் எங்கள் மொட்டை மாடிக்கு மேலே போகும்போது, தெருவில் சின்னப் பிள்ளைகள் கை ஆட்டுவார்கள். இவர் நிமிர மாட்டார். சத்தத்தில் டேபிள் அதிர்கிறது என்று திட்டுவார்.

அந்த டேபிள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது சாப்பாட்டு மேஜை. ஆறு பேர் உட்காரலாம். இத்தனை வருஷமாக அதில் யாரும் சாப்பிடவில்லை. அவர் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார். 2015 டிசம்பரில் முடிச்சூருக்குள் தண்ணீர் வந்தபோது முதலில் மாடி ஏறியது விமானம், பிறகு ரேஷன் கார்டு, மூன்றாவதாக அந்த அம்மா. அவர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஒரு மடக்கு மேஜை என்ன விலை இருக்கும்? மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அளக்கிற மனுஷனுக்கு, மூன்றடி தள்ளித் தரையில் உட்கார்ந்திருப்பவர் எப்படிக் கண்ணில் படாமல் போகிறார்?

இந்தப் பொங்கலுக்கு மூடிவிடுவதாகத்தான் இருந்தது. பசை கூட வாங்கி வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்லது என்று நினைத்துத்தான். பெரியவர் டார்ச் அடித்து முன்னும் பின்னும் பொறுமையாகப் பார்த்தார். தலையை ஆட்டினார். "எல்லாம் இருக்கு. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கடல் மேல சுத்துவானுங்க. ஒண்ணுக்குப் போற குழாய் எங்க தம்பி?"

அப்படி ஒரு அமைதியை நான் அந்த வீட்டில் கேட்டதில்லை. பசை மூடியைத் திருகி டிராயருக்குள் வைத்தார். அன்று ராத்திரியே ஏதோ கணக்குப் போட்டிருக்கிறார்: அரை அங்குலக் குழாய் என்றால் நாற்பத்தெட்டில் கால் மில்லிமீட்டர் சொச்சம்; இன்சுலின் ஊசிதான் சரியாக வரும். மறுநாள் காலை வாக்கிங்கில் என்னை மடக்கினார்.

"சார், உங்களுக்கு சுகர் இருக்கில்ல?"

"இருக்கு."

"ஊசியா, மாத்திரையா?"

"மாத்திரைதான்."

முகம் கொஞ்சம் வாடியது. பிறகு சமாளித்துக்கொண்டார். "பரவாயில்ல. அந்தக் காலி அட்டையத் தூக்கிப் போட்டுடாதீங்க. பின்னாடி இருக்கிற ஈயத்தாள் சீட் பெல்ட்டுக்கு ஆகும்."