அப்பா கடன் வாங்கவில்லை

1984இல் பல்லடம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் என்னைச் சேர்க்க அப்பாவுக்கு ஆன செலவு ஒரு சிலேட்டும் பலப்பமும்தான். விசைத்தறி ஓட்டிய அவர், அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். தலைமையாசிரியர் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டு எழுதிக்கொண்டார். சேர்க்கை முடிந்தது. மதியம் சத்துணவு, 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கியது. நூல் விலை ஏறித் தறி நின்ற மாதங்களில் வீட்டில் சோறு குறைந்தது, பள்ளிக்கூடத்தில் குறையவில்லை. அப்பாவின் கையில் காசில்லை என்பதற்காக என் படிப்பு ஒரு நாளும் நின்றதில்லை.

2013இல் என் மகளுக்கு எல்.கே.ஜி. நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் கணக்கர். அப்பாவைவிட வசதியாகவே இருந்தேன். ஆனாலும் அவளை மெட்ரிக் பள்ளியில் சேர்க்க மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. எங்கள் இருவரின் படிப்பையும் சம்பளத்தையும் விசாரித்த பிறகே இடம் கொடுத்தார்கள். டேர்ம் பீஸ், புக் பீஸ், வேன் பீஸ், அதற்கு மேல் ரசீது இல்லாத ஒரு தொகை. நன்கொடை வாங்குவதையும், பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டுவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை அதே சட்டம் எளியவர்களுக்கு ஒதுக்குகிறது. நலிந்த பிரிவினருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாய். மாதம் 17,000 ரூபாய் வாங்குபவர்கூட அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார். அவருக்கு இலவச இடமும் இல்லை, கட்டணம் கட்டும் தெம்பும் இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கம்பெனி மூடியது, பிறகு பாதிச் சம்பளம். பள்ளிகள் முதலில் 40 சதவீதக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் அனுமதித்தது. எங்களால் அதையும் கட்ட முடியவில்லை. அடுத்த ஆண்டு மகளை அரசுப் பள்ளிக்கு மாற்றப் போனபோது, “பாக்கியைக் கட்டீட்டு டி.சி. வாங்கிக்கோங்க” என்றார்கள். எங்களைப் போல எத்தனையோ குடும்பங்கள் அந்தக் கோடையில் இதே வாசல்களில் நின்றன.

அரசுப் பள்ளித் தலைமையாசிரியை டி.சி. கேட்கவில்லை. “அது வரும்போது வரட்டுமுங்க, பொண்ணை நாளைக்கே சேர்த்து விடுங்க” என்றார். அது அவருடைய இரக்கம் மட்டுமல்ல, சட்டமும் அதுதான்: மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டி அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ பிள்ளையின் சேர்க்கையை மறுக்க முடியாது. கட்டணம் வசூலிக்கும் கருவியல்ல டி.சி. என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது.

என் பிள்ளைப் பருவத்தில் ஏழை வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் தாங்கியது. இன்று நடுத்தர வீடு தன் நகையை வைத்துப் பள்ளிக்கூடத்தைத் தாங்குகிறது. இது வளர்ச்சியல்ல.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடகுக் கடைக்குப் போகும் முன் உங்கள் பள்ளிக்குக் கட்டண நிர்ணயக் குழு விதித்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். பக்கத்து அரசுப் பள்ளிக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அங்கே இருக்கிறது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்டு. கஷ்ட காலத்தில் பிள்ளையை அங்கே சேர்ப்பது கௌரவக் குறைவல்ல. அது நம் வரிப்பணத்தில் நடக்கும் நம் பள்ளி.