கையில்லாத முதலாளி

போன வாரம் ரயிலில் எதிர் சீட்டுக்காரர் என் மடியிலிருந்த செஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் இன்னுமா சார் வெச்சிருக்கீங்க? போன்லயே ஃப்ரீயா வருதே” என்றார். அத்தோடு விட்டாரா? மனைவி பக்கம் திரும்பி, “பாவம்” என்றார் மெதுவாக. எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

போனில் ஃப்ரீ என்று எனக்குத் தெரியாதா? பலம் என்று பார்த்தாலும் போன்தான். 2009இல் புவெனஸ் ஐரிஸில், ஒரு ஹெச்டிசி போனுக்குள் இருந்த பாக்கெட் ஃபிரிட்ஸ் 4 என்ற செஸ் நிரல், மெர்கோசூர் கோப்பைப் போட்டியில் 10 ஆட்டங்களில் 9.5 புள்ளி எடுத்தது. காஸ்பரோவை 1997இல் சாய்த்த டீப் புளூ கம்ப்யூட்டர் நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசியது. பாக்கெட் ஃபிரிட்ஸ் 20,000த்தைக்கூடத் தொடவில்லை. அப்பேர்ப்பட்டவனிடம் தோற்க கிராண்ட்மாஸ்டர்கள் வரிசையில் நிற்கும்போது நான் எதற்கு இடையில்? என் தரத்துக்கு ஒரு எதிரி போதும். கையடக்கக் கருவியின் அருமையே வேறு. அதை விளக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் ஒரு சின்ன விஷயம்.

இதற்குக் கை கிடையாது.

யோசிப்பது அது. யோசித்து முடித்ததும் பக்கவாட்டில் ஒரு விளக்கு, கீழே ஒரு விளக்கு. அவ்வளவுதான் அதன் உழைப்பு. அதன் குதிரையை நான் தூக்கி, புறப்படும் கட்டத்தில் ஓர் அழுத்து, சேரும் கட்டத்தில் ஓர் அழுத்து. வெட்டுப்படுவது என் ராணி. அதைப் பொறுக்கி ஓரமாக வைப்பதும் நான். மனசில்லாமல் மெதுவாக அழுத்தினால் பதிவாகாது, இன்னும் அழுத்தச் சொல்லும். வயிற்றெரிச்சலில் அதன் குதிரையைப் பக்கத்துக் கட்டத்தில் வைத்துப் பார்த்தால் ‘ங்ங்’ என்று அதட்டும். சாப்பிடப் போனாலும் விடாது. வட்டிக்காரன் வாசலில் நிற்பதுபோல விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். கடைசியில் என் ராஜாவுக்கு மேட் வைக்கும் காயையும் நானே கொண்டுபோய் வைக்க வேண்டும். வைத்தால் ஒரு பாட்டு வேறு பாடும்.

அந்தக் காலத்து ஆட்கள் இதைவிடப் பாவம். 1977இல் வந்த ஃபிடெலிட்டி நிறுவனத்தின் முதல் செஸ் சேலஞ்சரில் ஒவ்வொரு நகர்த்தலையும் பொத்தானில் தட்டெழுத வேண்டும். பலகையில் எழுத்தும் எண்ணும் இடம் மாறி வேறு அச்சாகியிருந்தன. ஆட்ட நிலையும் ஒன்றே ஒன்று. பிறகு 3 ஆயிற்று, 10 ஆயிற்று. இப்போது பெட்டிக்குப் பெட்டி டஜன் கணக்கில். பாதி நிலைகளுக்கு அர்த்தம், அது இன்னும் கொஞ்ச நேரம் யோசிக்கும் என்பதுதான். மேல் நிலையில் வைத்தால் ராத்திரி முழுக்க யோசிக்கும். அது சொல்லும் காயை நகர்த்த நான் விழித்திருக்க வேண்டும். கீழ் நிலையில் வைத்தால் இன்னும் அவமானம். ஒன்பது நகர்த்தல் கிராண்ட்மாஸ்டர் மாதிரி ஆடிவிட்டு, பத்தாவதில் ராணியைத் தானமாகக் கொடுக்கும். அந்தப் பிச்சையையும் என் தட்டில் நானே போட்டுக்கொள்ள வேண்டும்!

பலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. எல்லாமே சொத்தை இல்லை. டேவிட் கிட்டிங்கர் நிரல் எழுதிய நோவாக் சஃபயர் என்ற கையடக்கக் கருவி 1990களிலேயே பேட்டரியில் ஓடிக்கொண்டே கிளப் ஆட்டக்காரர்களைத் திணறடித்தது. ஆனால் பெட்டிமேல் அச்சடித்த ரேட்டிங்கை நம்புகிறவர் யார்? ஸ்வீடனில் ஒரு சங்கமே கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று மோதவிட்டுத் தனிப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறது.

அதே பெட்டியில் நிலைகளின் எண்ணிக்கை கொட்டை எழுத்தில். ரேட்டிங் அதைவிடப் பெரிதாக. ‘நகர்த்தலைத் திரும்பப் பெறலாம்’ என்பது மட்டும் கடைசி வரியில், எறும்பு எழுத்தில். அந்தப் பொத்தானில் அச்சு அழிந்துபோகாத கருவி உங்களிடம் இருக்கிறதா, சொல்லுங்கள். விளம்பரம் எழுதுகிறவர்களே, அதை முதல் வரியில் போடுங்கள். நாங்கள் காசு கொடுப்பது அதற்குத்தான்.