பெல்ட்டா, செயினா? எஞ்சினை முறையாகக் காலி செய்யும் வழி

பட்டாசு ஊரான நாரணாபுரத்துக் கார்காரர்களே, நல்ல எஞ்சினைக் குட்டிச்சுவராக்க அவசரப்படக் கூடாது. முதலில் டீக்கடையில் உட்கார்ந்து, டைமிங் பெல்ட் உசத்தியா, செயின் உசத்தியா என்று வழக்கை ஆரம்பியுங்கள். பழைய ஸ்விஃப்ட் டீசல் வைத்திருப்பவர், ஃபியட் எஞ்சின், செயின் என்று மார்தட்டுவார். டஸ்டர் டீசல்காரர் பெல்ட்டுக்கு வக்காலத்து வாங்குவார். கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது என்று மட்டும் யாரையும் கேட்டுவிடாதீர்கள், பேச்சு கெட்டுவிடும்.

பெல்ட் வண்டியா? கம்பெனிப் புத்தகத்தில் கிலோமீட்டரும் போட்டிருக்கும், வருடமும் போட்டிருக்கும். எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும். நீங்கள் கிலோமீட்டரை மட்டும் படியுங்கள். தீபாவளி சீசன் முடிந்தால் வண்டி ஷெட்டில்தானே நிற்கிறது? நின்றாலும் ரப்பருக்கு வயதாகும் என்று மெக்கானிக் சொன்னால், பில் போடப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கவரைக் கழற்றவும் விடாதீர்கள். பல்லின் அடியில் மயிரிழை விரிசல், முதுகில் வழவழப்பு, ஓரத்தில் ஆயில் கசிவு என்று எதையாவது பார்த்துத் தொலைத்தால் மனசு கேட்காது. மாற்றியே தீர வேண்டுமென்றால் பெல்ட்டோடு நிறுத்துங்கள். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பழசே இருக்கட்டும். அதன் பேரிங் இறுகும்போது புதுப் பெல்ட்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

செயின் வண்டிக்கு ஒரே மந்திரம்: லைஃப்டைம். யாருடைய ஆயுள் என்று கேட்காதீர்கள். செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனருக்கு, பெரும்பாலான எஞ்சின்களில், ஆயில் பிரஷர்தான் பலம். அதனால் ஆயிலைத் தார்க் குழம்பாகும்வரை விட்டுவையுங்கள். செயின் தேய்ந்து நீண்டு, காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று தட்டும். அதற்கும் வழி உண்டு: காலையில் வண்டியை மச்சானை எடுக்கச் சொல்லுங்கள்.

பிஸ்டனோடு இணைந்த கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வைத் திறக்கும் கேம் ஒரு சுற்று. இந்தக் கணக்கைக் காப்பதுதான் பெல்ட்டுக்கும் செயினுக்கும் உள்ள முக்கிய வேலை. அறுந்தால் கேம் நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. இன்றைய எஞ்சின்கள் பலவற்றில், திறந்தபடி நின்ற வால்வுகளில் அது போய் மோதும். சரவெடிக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் தடை போட்டது. பானெட்டுக்குள் வெடிக்கும் இந்தச் சரத்துக்கு இன்னும் தடையில்லை.

இந்தக் கட்டத்தில் சும்மா நின்றுவிட்டால், வளைந்த நாலைந்து வால்வோடு தப்பித்துவிடுவீர்கள். விடாமல் ஸ்டார்ட்டர் அடியுங்கள். கம்ப்ரஷன் போய்விட்டதால் எஞ்சின் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றும். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் பலிக்கவில்லையென்றால் ரோட்டில் போகும் நாலு பையன்களைக் கூப்பிட்டு, செகண்ட் கியரில் போட்டுத் தள்ளச் சொல்லுங்கள். மிச்சம் மீதி வால்வுகளும் வளைந்துவிடும். ஹெட் லேத்துக்குப் போய்ச் சேரும்.

காரைக் கெடுக்க மனமில்லாமல், செகண்ட் ஹேண்டில் வாங்க மட்டும் வந்தவர்களுக்கு: பெல்ட் வண்டியென்றால் பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள், செயின் வண்டியென்றால் ஆயில் மாற்றிய பில்களை. காட்ட முடியாதவர் சொல்லும் விலையில் அந்த வேலைக்கான செலவைக் கழித்துவிட்டுப் பேரத்தை ஆரம்பியுங்கள்.