ராயல் மெக்கும் புட்வால்வும்

வா கண்ணு, உக்காரு. மெக்கானிக்கல் படிக்கிறயாமா? ரொம்ப சந்தோசம். நெஞ்சுல 'ராயல் மெக்'னு எழுதுன பனியன், பஸ்ஸுல நாலு பேரு விலாவைக் குத்திக்கிட்டு வர்ற டிராப்டரு. ராஜான்னா அரமனை வேண்டாமா? உங்க அரமனை எது, கிரீசு வாடை அடிக்கிற ஒர்க்சாப்புதானே!

அங்க மொத வருசம் ஒரு இரும்புத் துண்டைக் குடுத்து ராவச் சொல்லுவாங்க. அரத்தைப் புடிச்சு நாலு இழுப்பு இழுத்தா உள்ளங்கை கொப்புளிச்சுப் போகும். மூலைமட்டம் வெச்சுப் பாத்தா நடுவுல வெளிச்சம் பல்லைக் காட்டும். அப்பறம் என்ன பண்ணுவே? சீனியரு ராவி வெச்ச துண்டைத் தேடிப் போவே. வாத்தியாருக்குத் தெரியாதுன்னு நெனைப்பு. அது எத்தனை கை மாறி வந்துதுன்னு அவருக்கு மனப்பாடம் சாமி.

கடைசி வருசம் புராஜெக்டு. பட்டறையில காசைக் குடுத்துச் செஞ்சு வாங்கிட்டு வர்றது. பெயிண்டு காயறதுக்குள்ள வைவா. 'இந்த பேரிங் எதுக்குப் போட்டீங்க'ன்னு கேட்டா ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கறது. பட்டறைக்காரனையே கூட்டிட்டுப் போயிருந்தா அவனாச்சும் பாஸாயிருப்பான்.

அது கெடக்கட்டும். புளூயிட் மெக்கானிக்ஸ்ல 90 மார்க்குன்னு உங்க ஆத்தா ஊரெல்லாம் சொல்லிப்போட்டா. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. உங்க அப்புச்சி மோட்டாரை எதுக்குப் பாதிக் கெணத்துல மேடை கட்டி எறக்கி வெச்சாரு? மேல வெச்சிருந்தா பாம்புக்குப் பயந்து எறங்க வேண்டாம், மழைக்குத் தண்ணி ஏறுனா மோட்டாரு முழுகாது. அப்பறம் ஏன்?

முழிக்கிறே பாரு. பம்பு தண்ணிய உறிஞ்சுதுன்னே நெனச்சுட்டிருக்கே. பம்பு தன் வாயில அமுக்கத்தைக் கொறைக்குது, அவ்வளவுதான். கெணத்துத் தண்ணி மேல ஒக்காந்திருக்கிற காத்துதான் அதை அமுக்கிக் குழாய்க்குள்ள ஏத்துது. அந்தக் காத்தோட தெம்பு கணக்குப்படி 34 அடி. குழாய் உரசல், வளைவு, புட்வால்வு எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் புடுங்கிக்கிட்டா 25 அடி தேறுனாப் பெரிசு. அதுக்கு மேல தூக்கச் சொன்னா, தண்ணி சூடே இல்லாம பம்புக்குள்ளயே கொதிச்சுக் குமிழி விடும். கூழாங்கல்லை அரைக்கிற மாதிரி சத்தம் வரும். கொஞ்ச நாள்ல இம்பெல்லர் குழி குழியாப் போயிரும். கேவிட்டேசன்னு பக்கம் பக்கமா எழுதி மார்க்கு வாங்குனது நீயி. பேரே தெரியாம மேடை கட்டுனது அவரு. தண்ணி எறங்க எறங்க மேடையும் எறங்குச்சு. கடைசியில மோட்டாரையே தண்ணிக்குள்ள முக்கிக் கீழருந்து தள்ள உட்டாங்க. அதானே சப்மெர்சிபிள்?

உடனே ஏட்டுச் சுரைக்காய்னு பழமொழி சொல்லுவேன்னு பாத்தியா? மாட்டேன். பம்பு ஷாப்டு ஒடைஞ்சா நம்ம லேத்துக்காரரு அச்சு அசலா அதே அளவுல கடைஞ்சு தருவாரு. அதே எடத்துல திருப்பி ஒடையும். தடியிலருந்து ஒல்லிக்கு எறங்கற மூலைய வெடுக்குனு வெட்டாதே, வளைவாக் கடைன்னு சொல்றது உன்ற படிப்புதான். பரிச்சைக்கே கையோட கொண்டுபோக உடறாங்களே பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக்கு, அதுல படம் போட்டே இருக்குது. முன்னப்பின்ன தொறந்து பாத்திருந்தாத்தானே? பக்கத்தைத் தேடறதுக்குள்ள மணி அடிச்சுருது.

'ஜி.டி.நாயுடு என்ன காலேஜா படிச்சாரு'ம்பே. சரிதான், பள்ளிக்கூடத்தைப் பாதியில உட்டவருதான் 1937ல மோட்டாரு செஞ்சாரு. அவரே 1945ல இஞ்சினீரிங் காலேஜும் தொடங்கினாரே, அதை ஏன் சொல்ல மாட்டேங்கிறே? ஹோப் காலேஜ்னு பஸ்ஸ்டாப்புல எறங்கறயே, அந்தப் பேரு அதுல வந்ததுதான். இப்ப அந்தக் காலேஜுதான் தடாகம் ரோட்டு ஜி.சி.டி. நாலு வருசப் படிப்பு தண்டம், ரெண்டு போதும்னாரு நாயுடு. சர்க்காரு கேக்கல, உட்டுட்டுப் போயிட்டாரு.

சிரிக்காதே. அது வேலை செய்யறவனுக்குச் சொன்ன கணக்கு. பரிச்சைக்கு மொத நாள் ராத்திரி ஜெராக்ஸ் கடையில நிக்கிறவனுக்கு நாலே பத்தாது, அதுக்குத்தான் அரியர்னு ஒண்ணு வெச்சிருக்காங்க.

சரி, காப்பியக் குடிச்சுட்டு வா. கீழ்த்தோட்டத்து பம்பு காத்து இழுக்குது. கிளாண்டுலயா, புட்வால்வுலயான்னு பாத்துச் சொல்லு. எதுன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுதான்னு பாக்கோணும்.