ராட்டையைச் சுத்திக்கிட்டே கேளு, தம்பி

வா தம்பி, வா. ஓட்டுக் கணக்கெடுக்க வந்தியா? தேசூர்ல மொத வீடே நம்ம வீடா! சும்மா உக்காந்தா கால் மரத்துப் போவும். அப்படியே அந்த ராட்டையைச் சுத்து, தார் சுத்திக்கிட்டே கேளு. பட்டு நூலு, பார்த்து. உன் கை பரவால்ல, பேனா புடிச்ச கை, நூலு சிக்காது.

யாருக்கு ஓட்டுன்னா கேட்டே? போன வாரம் ஒருத்தர் வந்து டீ வாங்கிக் குடுத்தாரு. டீ குடிச்ச வாயி, அவருக்குப் புடிச்சதைச் சொல்லிடுச்சு. நீ டீயும் வாங்கித் தரல, அதனால நெசத்துக்குக் கொஞ்சம் கிட்டக்க சொல்றேன்.

என் பேத்தி காலேஜ்ல அரசியல் படிக்கிறா. அமெரிக்காவுல கட்சிங்கிறது அப்பன் வழி வர்ற சொத்து மாதிரியாம். 1960-ல மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆளுங்க நாலு பேர் தடியா ஒரு புத்தகமே போட்டாங்களாம். இருக்கட்டும். நம்மூர்ல பரம்பரை சூரியன்காரன் ஒருத்தன்னு வை. என்னைச் சொல்லல, வைன்னேன். ஆரணி எம்.பி. தொகுதிக்கு மொத எலெக்‌ஷன் 2009-ல. போய்ப் பார்த்தா மெஷின்ல சூரியனே இல்ல, கூட்டணியில கைக்கு விட்டுட்டாங்க. கை ஜெயிச்சுது. 2014-ல சூரியன் வந்துது, ரெட்டை இலை ஜெயிச்சுது. 2019-ல திரும்பவும் கை. 2024-லதான் சூரியனே நின்னு ஜெயிச்சுது. அந்தாளு அப்பன் பேச்சைத் தட்டவே இல்ல, ஆனா ரெண்டு தடவை கையை அமுக்கினான். நீ உன் பாரத்துல இன்னா எழுதுவே? கட்சி மாறிட்டான்னுதானே?

சுத்து, நிறுத்தாதே.

யாரைக் கேக்கறேங்கிறதும் ஒண்ணு இருக்குதுப்பா. 1936-ல அமெரிக்காவுல ஒரு பத்திரிகை ஒரு கோடி பேருக்குச் சீட்டு அனுப்பிச்சு, இருபது லட்சத்துக்கு மேல திரும்பி வந்துது. ஜனாதிபதி தேர்தல்ல லாண்டன்தான் ஜெயிப்பாருன்னு அடிச்சுச் சொன்னாங்க. 48 மாநிலத்துல 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளிட்டாரு. டெலிபோன், காரு வச்சிருந்தவங்க பேருங்களா பார்த்து எடுத்திருக்காங்க. கரை ஜரிகையை மட்டும் பார்த்துட்டு உடம்பு பூரா ஜரிகைன்னு வெலை சொன்ன கதை. நம்ம டிவிக்காரங்க மட்டும் இன்னா? 2024 ஜூன் 1 ராத்திரி பாஜக கூட்டணிக்கு 350-க்கு மேலன்னாங்க. 4-ந் தேதி எண்ணினா 293.

உன்னை மாதிரியே ஓட்டுக் கணக்கெடுக்கிற டெல்லி லோக்நீதி ஆளுங்க கெட்டிக்காரங்க. வாயால கேக்க மாட்டாங்க, மாதிரி ஓட்டுச்சீட்டைக் குடுத்துப் பெட்டியில போடச் சொல்வாங்க. நீயும் ஒரு பெட்டி வாங்கு. முடியலன்னா என் ஓட்டை என்கிட்ட கேக்காதே, எதிர்வீட்டுக்காரன் யாருக்குப் போடுவான்னு கேளு, புட்டுப் புட்டு வைப்பேன். ஆனா அவன்கிட்ட என்னைப் பத்தி மட்டும் கேட்டுடாதே. கரெக்டா சொல்லித் தொலைப்பான்.

இன்னா, எழுந்துட்டே? இன்னும் நாலு தாரு பாக்கி இருக்குதே. உக்காரு, உன் கேள்வியும்தான் பாதி கூட முடியலியே!