ஏரி உள்வாயிலே மூணாவது மாடி

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையிலே உட்காரு. தியாகராய நகரிலே வீடு பார்த்திருக்கியாமே? உங்கம்மா தெருவெல்லாம் சொல்லிட்டு வந்துட்டா. மூணாவது மாடி, ரெண்டு படுக்கையறை, கீழே கார் நிறுத்த இடம். ரொம்ப சந்தோஷம். எனக்கு வீட்டைப் பத்தி என்ன தெரியும்? மதுராந்தகம் ஏரித் தண்ணியிலே பயிர் வெச்சுக் கிழவனானவன். தண்ணியைப் பத்தி மட்டும் ரெண்டு வார்த்தை சொல்லிக்கிறேன்.

நீ பார்த்திருக்கிற இடம் நூறு வருஷத்துக்கு முன்னாலே ஏரி. மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலேர்ந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரைக்கும் நீட்டிப் படுத்திருந்தது. வெள்ளைக்காரன் லாங் டேங்க்குன்னு பேர் வெச்சு அதிலே படகு விட்டான். 1920-களிலே, நீதிக்கட்சி ஆட்சியிலே, தண்ணியை வடிச்சு மனை போட்டுட்டாங்க. நம்ம ஊரிலே எவனாவது ஏரி உள்வாயிலே நாலு வரப்பு கட்டி வெள்ளரி போட்டா, மறுவாரமே நோட்டீஸ் வரும். அதையே சர்க்கார் செஞ்சா நகரமைப்பு. அதுக்குன்னு 1920-லேயே சட்டம் வேற. அதனாலே உன் பத்திரத்திலே வில்லங்கம் இருக்காது, தைரியமா இரு. மழைக்குத்தான் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிற வழக்கம் இல்லே.

பேர் வெச்சதிலே ஒரு குறையும் சொல்ல முடியாது. சர் பிட்டி தியாகராயர், மந்திரிசபைக்குத் தலைமை தேடி வந்தப்போ வேண்டாம்னு ஒதுங்கின மனுஷன். வேண்டாம்னவருக்கு ஒரு ஏரியையே எழுதி வெச்சுட்டாங்க. வேணும்னு ஏத்துக்கிட்டுப் பதவியிலே உட்கார்ந்த பனகல் ராஜாவுக்கு ஒரு பூங்காதான். நடேச முதலியாருக்கு இன்னொரு பூங்கா, உஸ்மானுக்கு ஒரு ரோடு. கட்சிக்காரங்க பட்டியலை அப்படியே தெருவிலே பரப்பின மாதிரி இருக்கும். சவுந்தரபாண்டியனார் பேரிலே வெச்ச அங்காடியை மட்டும் ஜனங்க பாண்டி பஜார்னு சுருக்கிட்டாங்க. மேற்கு மாம்பலத்திலே லேக் வியூ ரோடுன்னு ஒண்ணு இன்னும் இருக்கு. போய் நின்னு பாரு, ஏரி தெரிஞ்சா எனக்கு ஒரு போன் பண்ணு.

பெரிய மனுஷங்க ஊருடா அது, சும்மா சொல்லக்கூடாது. ராஜாஜி பஸ்லுல்லா ரோட்டிலே இருந்தார். போக் ரோட்டிலே சிவாஜியோட அன்னை இல்லம். இப்ப அந்த ரோடே அவர் பேரிலே. எம்.ஜி.ஆர். ஆற்காடு தெரு. இவங்க எல்லாரிலும் விவரமான ஆள் காமராஜர்னு நான் சொல்லுவேன். ஒன்பது வருஷம் முதலமைச்சரா இருந்தவர், திருமலைப் பிள்ளை ரோட்டிலே வாடகை வீடு. 1975-லே கண்ணை மூடினதும் அதே வீட்டிலே. ஏரியிலே குடியிருக்கணும்னா குடக்கூலிக்கு இருக்கணும்னு அந்த விருதுநகர்க்காரருக்குத் தெரிஞ்சிருக்கு.

அப்புறம் கடைக்காரங்க வந்தாங்க. நல்லி 1928-லேயே பனகல் பூங்காகிட்ட வந்தாச்சு. ரங்கநாதன் தெருவிலே இப்ப தீபாவளி நேரத்திலே நடக்க வேண்டியதில்லே, கூட்டமே தூக்கிட்டுப் போய் மாம்பலம் ஸ்டேஷன்லே விட்டுடும். தோட்டமும் போர்ட்டிகோவுமா இருந்த பங்களாவையெல்லாம் இடிச்சு அடுக்கடுக்கா வீடு. ஒரு கிரவுண்டுன்னா 2,400 சதுர அடி, நம்ம கணக்கிலே அஞ்சரை சென்ட். அந்த அஞ்சரை சென்டிலே எட்டுப் பேர் பங்காளின்னா உன் பங்கு முக்கால் சென்ட்கூட இல்லே. அதையும் இதுதான்னு கால் வெச்சுக் காட்ட முடியாதாமே, பிரிக்காத பாகமாம். இங்கே நம்ம வைக்கோல்போர் அதைவிட அகலமா கிடக்கு. அதுக்குக் கோடிக்கணக்கிலே கொடுக்கிறே பாரு, உன் துணிச்சல் எனக்கு வராதுடா சாமி.

ஏரியிலே பாதியை மனை போட்டும் ஆசை அடங்கலே. நுங்கம்பாக்கத்திலே மிச்சம் கிடந்ததையும் தெருவாக்கி லேக் ஏரியான்னு பேர் வெச்சாங்க. 1976-லே ஏரி கிடந்த மண்ணிலேயே வள்ளுவர் கோட்டம். கடவுள் வாழ்த்து முடிஞ்ச கையோட மழையைப் புகழ்ந்து பத்துக் குறள் எழுதினவருக்கு, மழைத்தண்ணி தேங்கின இடத்தை மூடிக் கல்தேர்! வள்ளுவர் பொறுமைசாலி.

தண்ணி அப்படி இல்லே. மாம்பலம் கால்வாய்னு ஒண்ணு அங்கேர்ந்து கிளம்பி அடையாத்துக்குப் போகுது. அவ்வளவு பெரிய ஏரியிலே விழுந்த தண்ணியெல்லாம் அந்த ஒத்தைக் கால்வாயிலே ஒழுங்கா வரிசையிலே நிக்கணும்னா நிக்குமா? 2019-லே பாண்டி பஜாரிலே பளபளன்னு நடைபாதை போட்டுத் திறந்தாங்க. 2021 நவம்பர் மழையிலே ஜி.என். செட்டி ரோடு, பஸ்லுல்லா ரோடு எல்லாம் முழங்கால் தண்ணி. நம்ம ஏரிக்காவது தண்ணியைத் திறந்து விட நீர்க்கட்டி இருக்கான், மதகு இருக்கு, ரொம்பினா வழிய கலங்கல் இருக்கு. அங்கே இது மூணும் கிடையாது, ஏரி மட்டும் வருஷா வருஷம் வருது. நீ மூணாவது மாடி, உன் கால் நனையாது. கார்தான் கீழே நிக்கும்.

வாங்காதேன்னு நான் சொல்லலே. சொன்னா உங்கம்மா எனக்குச் சோறு போடமாட்டா. சித்திரை வெயிலிலே போய், காத்து வருதா, கிழக்கே பார்த்த வாசலான்னு பார்க்காதே. ஐப்பசியிலே நல்லா அடிச்சுக் கொட்டற அன்னிக்குப் போ. தரகர் வேணாம், வாட்ச்மேனைக் கேளு. போன மழைக்குத் தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சுன்னு சுவத்திலேயே கை வெச்சுக் காட்டுவான். கார் நிறுத்துற தளம் தெருவைவிட மேலேயா கீழேயா, மோட்டார் எங்கே வெச்சிருக்கான், அதையும் பாரு. முன்பணத்தைக் கார்த்திகை கழிஞ்சு கொடு.